உடன் விசுவாசிகளைத் தேடிவந்த அடியவர் புனித யோசேவ் வாஸ்



மீட்பு என்பது நாம் உழைத்துச் சம்பாதிக்கும் கூலியன்று. இறைவன் தம் திருமகன் வழியாக நமக்கு இலவசமாக அருளும் கொடை அது. அக்கொடையை விசுவாசத்தினாலேயே நாம் பெற்றுக்கொள்கின்றோம். புனித பவுலடியார் உரோமையருக்கும் கலாத்தியருக்கும் வரைந்த திருமடல்களில் இவ்வுண்மையை ஐயத்திற்கு இடமின்றி எடுத்துரைக்கின்றார். அதே கலாத்தியர் மடலில், உண்மையான விசுவாசம் அன்பின் வழியாகவே செயற்படும் என்றும், எல்லோருக்கும் நன்மை செய்ய அழைக்கப்பட்ட நாம் விசுவாசக் குடும்பத்தைச் சேர்ந்தோரைச் சிறப்பாக நினைவிற் கொள்ளவேண்டும் என்றும் அவர் கற்பிக்கின்றார். இவ்விரு படிப்பினைகளையும் ஒரே வாழ்வில் இணைத்து வாழ்ந்த ஒருவர், ஏறத்தாழ 340 ஆண்டுகளுக்கு முன்னர் நம் யாழ்ப்பாண மண்ணில் வெறுங்காலுடன் வந்து நின்றார். அவரே புனித யோசேவ் வாஸ் அடிகளார்.

அவருடைய பெயரை நீங்கள் அறிவீர்கள். அவருடைய திருவுருவம் இல்லாத ஆலயம் நம் மறைமாவட்டங்களில் அரிது. மழை பெய்வித்த அற்புதத்தையும் மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருப்பீர்கள். ஆயினும், அவர் எதற்காக இந்நாட்டிற்கு வந்தார் என்னும் கேள்வியை நம்மில் எத்தனை பேர் நிதானமாகச் சிந்தித்திருக்கின்றோம்? புதிய நாடுகளைக் கண்டு, கிறிஸ்துவை அறியாத மக்களுக்கு மறையுரைக்கவேண்டும் என்ற வேட்கையே அக்காலத்து மறைபரப்பாளர் பலரைக் கடல் கடக்கச் செய்தது. யோசேவ் வாஸ் அடிகளாரோ முதன்மையாகத் தேடி வந்தது, ஏற்கனவே விசுவசித்துவிட்டு, மேய்ப்பரின்றிக் கைவிடப்பட்டிருந்த ஒரு மக்கள் கூட்டத்தையே. முகம் காணாத சகோதரர்களுக்காக அவர் தம் உயிரைப் பணயம் வைத்தார்.

1651ஆம் ஆண்டு சித்திரை மாதம் 21ஆம் நாள், கோவாவிலுள்ள பெனோலிம் என்னும் ஊரில், தாயாரின் இல்லத்தில் அவர் பிறந்தார். தந்தை கிறிஸ்தோவாவோ வாஸ், தாய் மரியா தெ மிராண்டா. தந்தையின் ஊர் சங்குவாலை. குடும்பம் கொங்கணி பேசும் பிராமணக் குலத்தைச் சேர்ந்தது. பல தலைமுறைகளாகக் கத்தோலிக்க மறையில் ஊன்றியது. சிறுவன் யோசேவ் சங்குவாலையில் போர்த்துக்கேய மொழியையும் பெனோலிமில் இலத்தீனையும் கற்று, பின்னர் கோவா நகரில் இயேசு சபையாரிடமும் சாமிநாதர் சபையாரிடமும் உயர்கல்வி பயின்று, 1676இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அன்று முதல் ஏழைகளைப்போல வெறுங்காலுடன் நடப்பதை வழக்கமாகக் கொண்டார். அக்காலத்துக் கோவாவில் காலணியும் குடையும் பல்லக்கும் மதிப்பின் அடையாளங்கள். படித்த குருவானவர் ஒருவர் அவற்றைக் களைந்தெறிந்தது பலருக்கு வியப்பளித்திருக்கும். மறு ஆண்டு, 1677 ஆவணி 5ஆம் நாள், தம்மை அன்னை மரியாளின் நித்திய அடிமையாக ஒப்புக்கொடுத்து ஓர் ஆவணத்தைத் தம் கையால் எழுதிக் கையொப்பமிட்டார். அடிமைகளை விலைக்கு வாங்கி விற்ற காலத்தில் எழுதப்பட்ட அடிமை முறி அது என்பதை நினைத்துப் பாருங்கள்.

1681இல் அவர் கானரா என அழைக்கப்பட்ட மங்களூர்ப் பகுதிக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவர் கண்ட நிலை வேதனைக்குரியது. போர்த்துக்கல் மன்னரின் ஆதரவுரிமையின் கீழ் இயங்கிய கோவா மறைமாவட்டத்திற்கும், உரோமை நேரடியாக நியமித்த அப்போஸ்தலிக்க பதிலாளான ஆயர் தோமஸ் தெ காஸ்திரோ ஆண்டகைக்கும் இடையே அதிகாரப் பிணக்கு எழுந்திருந்தது. விசுவாசிகள் இரு கட்சிகளாகப் பிரிந்து நின்றார்கள். ஒரு பக்கத்துக் குருவிடம் அருட்சாதனம் பெற மறுபக்கத்தார் மறுத்தார்கள். ஒரே நற்கருணையில் பங்குகொள்ளும் மக்கள் ஒருவரையொருவர் தீண்டத்தகாதோர்போல நோக்கினார்கள். முப்பது வயதே நிரம்பிய இளங்குரு இந்நிலையில் என்ன செய்யக்கூடும்? தம்மை அனுப்பிய தரப்பின் உரிமையை உரத்த குரலில் நிலைநாட்டியிருக்கலாம். அவரோ ஆயரை நேரிற் சென்று கண்டு, பணிவுடன் உரையாடி, அவரிடமிருந்தே அருட்பணிக்குரிய அதிகாரத்தைப் பெற்றுக்கொண்டார். உரிமை யாருடையது என்பதை உரோமை தீர்மானிக்கட்டும். அதுவரை மக்கள் அருட்சாதனமின்றித் தவிக்கலாகாது என்பதே அவருடைய நிலைப்பாடு. பங்குகளிலும் பக்திச் சபைகளிலும் பிரிவினை தலைதூக்கும் வேளைகளில் நம்மவர்கள் யோசேவ் வாஸ் அடிகளாரின் இந்தப் பக்கத்தை ஏனோ அதிகம் பேசுவதில்லை. மழை அற்புதத்தைவிட இதுவே நமக்கு அவசரமாகத் தேவைப்படுவது என்பது என் எண்ணம்.

1684இல் கோவா திரும்பிய அவர், பழைய கோவாவில் அற்புதச் சிலுவை ஆலயத்தில் கூடி வாழ்ந்த உள்நாட்டுக் குருக்கள் சிலருடன் இணைந்தார். ஐரோப்பியத் துறவற சபைகள் இந்தியக் குருக்களைப் பொதுவாகச் சேர்த்துக்கொள்ளாத காலம் அது. 1685ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்தில் அக்குழுவினர் அவரைத் தலைவராகத் தெரிவுசெய்தார்கள். புனித பிலிப்பு நேரியாரின் ஒழுங்கைத் தழுவி அமைந்த கோவா ஓரட்டோரியன் சபை இவ்வாறு உருப்பெற்றது. ஐரோப்பியரின் பாகுபாட்டிற்கு விடையாக எழுந்த இச்சபையும் அக்காலத்தில் பிராமணக் குலத்தாரையே உறுப்பினராக ஏற்றது என்பதை மறைப்பதற்கில்லை. திருச்சபை மனிதரால் ஆனது. மனிதரின் குறைகளும் அதனுள் நுழைந்துவிடுகின்றன. ஆனால் அச்சபையின் தலைவர் குலம் பார்க்கும் நாற்காலியில் நீண்டகாலம் அமர்ந்திருக்கவில்லை. மறு ஆண்டே அவர் கூலியாளின் உடையில் தெருவில் இறங்கிவிட்டார்.

ஏன் இறங்கினார் என்பதை அறிய, நம் நாட்டின் அக்கால நிலையைச் சற்று நோக்குவோம்.

1656இல் கொழும்பையும் 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினார்கள். கத்தோலிக்கக் குருக்கள் அனைவரும் நாடுகடத்தப்பட்டார்கள். ஆலயங்கள் சீர்திருத்தத் திருச்சபையின் வழிபாட்டிடங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாற்றப்பட்டன. 1658இலேயே வெளியான கட்டளையொன்று கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை விதித்தது. திருமுழுக்கும் திருமணமும் ஒல்லாந்தரின் பதிவேட்டில் ஏறினாலன்றிச் சொத்துரிமையும் வாரிசுரிமையும் கேள்விக்குறியாயின. ஆகவே மக்கள் பகலில் ஒல்லாந்தரின் கோவிலுக்குச் சென்று பெயர் பதிந்தார்கள். இரவில் தம் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டுச் செபமாலை சொன்னார்கள். மாந்தையிலிருந்து அன்னையின் திருவுருவத்தைச் சுமந்துகொண்டு காட்டினுள் புகுந்த குடும்பங்களே மருதமடுத் திருத்தலத்தின் தொடக்கம் என்னும் மரபை நாம் ஒவ்வோர் ஆடித் திருவிழாவிலும் நினைவுகூர்கின்றோம் அல்லவா? அவ்வாறு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்தன. திருப்பலியைக் கண்ணால் காணாமலேயே ஒரு தலைமுறை வளர்ந்து, மணமுடித்து, பிள்ளை பெற்றது.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனியுங்கள். விசுவாசத்தினால் மட்டுமே மீட்பு என்னும் போதனையைத் தம் கொடியாக உயர்த்தியோர் ஒல்லாந்தர். அவர்களே சட்டத்தையும் சவுக்கையும் கொண்டு பிறருடைய விசுவாசத்தை மாற்ற முயன்றார்கள். நாமும் கைகழுவித் தப்பிவிட முடியாது. போர்த்துக்கேயர் ஆண்ட காலத்தில் யாழ்ப்பாணத்துச் சைவக் கோவில்கள் இடிக்கப்பட்டதும் கோவாவில் மத விசாரணை மன்றம் நடந்ததும் கத்தோலிக்கப் பெயரினாலேயே. விசுவாசம் அன்பிலிருந்து பிரிந்துவிட்டால் எந்தத் தரப்பாரிடமும் அது வன்முறையாகத் திரிந்துவிடும். மீட்பு கிறிஸ்துவின் அருளினால் விசுவாசத்தின் வழியே கிடைக்கின்றது என்பதில் கத்தோலிக்கரும் லூதரன் திருச்சபையினரும் 1999ஆம் ஆண்டு ஐப்பசி 31ஆம் நாள் ஜேர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரில் கூட்டறிக்கையொன்றிற் கையொப்பமிட்டார்கள். 2017இல் சீர்திருத்தத் திருச்சபைகளின் உலக ஒன்றியமும் அதில் இணைந்துகொண்டது. 1687இல் ஒருவரையொருவர் வேட்டையாடியோரின் வழித்தோன்றல்கள் ஒரே மேசையில் அமர்வதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் சென்றன.

இனி நம் அடியவரிடம் வருவோம். இலங்கைக் கத்தோலிக்கரின் துயரச் செய்தி கோவாவை எட்டியிருந்தது. ஐரோப்பியக் குரு ஒருவர் இலங்கைக்குள் நுழைந்தால் அவருடைய தோலின் நிறமே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்தியக் குரு ஒருவரோ மக்களோடு மக்களாகக் கலந்துவிடலாம். பிறர் இழிவாகக் கருதிய நிறமே இங்கே இறைவனின் கருவியாயிற்று. 1686இல் அடிகளார் தம் சபைத் தலைமையைத் துறந்து, யோவான் என்னும் இளைஞரைத் துணையாகக் கொண்டு தெற்கு நோக்கிப் புறப்பட்டார். கூலிக்காரனைப்போலவும் இரவலனைப்போலவும் மாறுவேடம் பூண்டு தூத்துக்குடியை அடைந்தார். அதுவும் ஒல்லாந்தரின் ஆட்சிக்குட்பட்ட துறைமுகமே. 1687இல் அங்கிருந்து கப்பலேறினார். புயலில் அலைக்கழிந்த அக்கப்பல் மன்னாரை அடைய, அங்கிருந்து யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்.

வந்து சேர்ந்தவரை வரவேற்றது நோயே. பசியும் பயணக் களைப்பும் சேர்ந்து கடுமையான வயிற்றோட்டம் அவரைப் படுக்கையில் தள்ளியது. யோவானும் நோயுற்றார். தொற்றிக்கொள்ளும் என அஞ்சி மக்கள் ஒதுங்கினர். முன்பின் அறியாத பரதேசிகள் இருவரும் இறந்துவிடுவர் என்றே எண்ணப்பட்ட வேளையில், ஏழைப் பெண்ணொருத்தி நாள்தோறும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்து அவர்களைப் பிழைப்பித்தாள் என அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். அப்பெண்ணின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. தான் உணவூட்டுவது ஒரு குருவானவரை என்பதும், அவருக்கு உதவுவது மரண தண்டனைக்குரிய குற்றம் என்பதும் அவளுக்குத் தெரியாது. இலங்கைத் திருச்சபையின் மறுவாழ்வு அவள் கையிலிருந்த கஞ்சிச் சிரட்டையில் தொடங்கிற்று என்று நான் சொன்னால் மிகையென்று கருதமாட்டீர்கள் என நம்புகின்றேன்.

உடல்நலம் தேறியதும் அடுத்த சிக்கல் எழுந்தது. கத்தோலிக்கரை எவ்வாறு கண்டுபிடிப்பது? எவரும் தம்மை வெளிப்படுத்தத் துணியார். யாரையேனும் விசாரித்தால் ஒற்றன் என்று அஞ்சுவர். தவறான ஆளிடம் கேட்டால் காரியம் முடிந்துவிடும். அடிகளார் கண்ட வழி எளிமையானது. கழுத்திற் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்கலானார். வெறுப்புடன் நோக்கியோரும் இருந்தனர், பொருட்படுத்தாதோரும் இருந்தனர். ஆயினும் சில வீடுகளின் வாசலில், அந்தச் செபமாலையைக் கண்டவுடன் முகம் மாறியோரை அவர் கவனித்தார். அவ்வீடுகளை மனத்திற் குறித்துக்கொண்டு, மீண்டும் மீண்டும் சென்று, மெதுவாகப் பேச்சுக் கொடுத்து, உறுதி செய்துகொண்ட பின்னரே தாம் குரு என்பதை அறிவித்தார். முப்பது ஆண்டுகளின் பின்னர் அவ்வீடொன்றில் நள்ளிரவில் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது.

அவர் சந்தித்த மக்கள் வீரமறைசாட்சிகள் அல்லர். பெரும்பாலோர் ஒல்லாந்தரின் பதிவேட்டில் பெயர் எழுதியவர்கள். பிள்ளைகளை அவர்களுடைய பள்ளிக்கு அனுப்பியவர்கள். காணியையும் தொழிலையும் காத்துக்கொள்வதற்காக வெளியில் தலையசைத்தவர்கள். கோவாவிலிருந்து உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு வந்தவர் அவர்களைக் கடிந்துரைத்திருந்தால் எவரும் குறை கூறார். அவரோ பாவசங்கீர்த்தனத்தில் அவர்களை ஒப்புரவாக்கி, அவர்களுடைய பிள்ளைகளுக்குத் திருமுழுக்களித்து, திருமணங்களைத் திருச்சபையின் ஒழுங்கிற் கொண்டுவந்தார். மங்கி எரிந்த திரியை அவர் அணைத்துவிடவில்லை. பெற்றோர்களே, வெளிநாடுகளிலோ நகரங்களிலோ வாழ்ந்து ஆலயப் பழக்கம் விட்டுப்போன நம் உறவினர்களைப்பற்றி வீட்டில் பேசும்போது நாம் எந்தத் தொனியிற் பேசுகின்றோம்?

வலிகாமத்திலுள்ள சில்லாலைக் கிராமம் அவருடைய பணியின் நடுவிடமாயிற்று. நாட்டு வைத்தியத்திற்குப் பெயர்பெற்ற இவ்வூர், அன்று ஆன்ம வைத்தியருக்கும் அடைக்கலம் கொடுத்தது. பகலில் மறைந்திருந்து, இரவில் ஊர் ஊராக நடந்து, விடியுமுன் திரும்பினார். ஓர் இரவில் தங்கிய வீட்டில் மறு இரவு தங்காமல், தமக்காக எந்தக் குடும்பமும் அழிந்துபோகலாகாது எனக் கவனமாக இருந்தார். அக்குடும்பங்களும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. குருவைக் காட்டிக்கொடுத்தால் ஆட்சியாளரின் தயவு, மறைத்தால் மரணம். ஓர் ஊர் முழுவதும் அறிந்த இரகசியத்தை ஊரே காத்தது.

ஆனாலும் ஆபத்து வந்தது. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவு வழிபாட்டிற்காக மக்கள் கூடியிருந்த வேளையில் ஒல்லாந்தரின் படைவீரர்கள் வீடுகளிற் புகுந்தார்கள் என்பது வழிவழி வந்த வரலாறு. அடிகளார் அவர்களிடம் அகப்படவில்லை, மக்கள் அகப்பட்டார்கள். பெருந்தொகையானோர் சிறைபிடிக்கப்பட்டார்கள். முன்னின்றோர் சவுக்கடிக்கும் தண்டனைக்கும் உள்ளானார்கள். சீர்திருத்தத் திருச்சபையிலிருந்து கத்தோலிக்க மறையைத் தழுவியிருந்த ஒருவர் அடியின் கொடுமையினால் உயிர்துறந்தார். மேய்ப்பர் தப்பிக்க மந்தை அடிபட்டது அவருக்கு எத்தகைய வேதனையாக இருந்திருக்கும்! தாம் அங்கிருப்பதே தம் மக்களுக்கு ஆபத்தாகிவிட்டதை உணர்ந்த அவர், 1690இல் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கிப் புத்தளம் சென்றார்.

புத்தளம் கண்டி மன்னரின் ஆட்சிக்குட்பட்ட பகுதி. அங்கு ஏறத்தாழ ஓராண்டு தங்கிப் பணிபுரிந்தபின், மலைநாட்டுத் தலைநகரான கண்டியைத் தம் நிலையமாக்கிக்கொள்ள விரும்பினார். ஒல்லாந்தரின் கை எட்டாத இடம் அது. கத்தோலிக்கரும் பலர் அங்கே இருந்தனர். 1692இல் அந்தோனியோ என்னும் கத்தோலிக்க வணிகரின் துணையுடன் புறப்பட்டார். ஆனால் அவருக்கு முன்னரே அவதூறு அரண்மனையை அடைந்துவிட்டது. அரசவையிற் செல்வாக்குப் பெற்றிருந்த லனரோல் என்னும் பிரெஞ்சுக் கல்வினிசக்காரர், வருபவர் போர்த்துக்கேய ஒற்றர் என மன்னரிடம் கூறிவிட்டார். அடிகளாரும் யோவானும் அந்தோனியோவும் விலங்கிடப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார்கள்.

சிறையில் அவர் செய்த முதற்காரியங்களுள் ஒன்று சிங்களம் கற்றது. கொங்கணி, போர்த்துக்கேயம், இலத்தீன், தமிழ் ஆகியவற்றை அறிந்திருந்தவர், தம்மைச் சிறையிட்ட மக்களின் மொழியையும் கற்றுக்கொண்டார். காவல் சற்றுத் தளர்ந்தபோது ஓலைக் கொட்டிலொன்றை அமைத்து அதில் பீடம் எழுப்பினார். நகரிலிருந்த கத்தோலிக்கர் ஒருவர் இருவராக அவரைத் தேடி வரலாயினர்.

பின்னர் வந்தது பெருவரட்சி. விமலதர்மசூரிய மன்னர் வேண்டிக்கொண்டதற்கிணங்க, அடிகளார் பொதுவெளியிற் பீடமும் சிலுவையும் நிறுவி முழந்தாளிட்டுச் செபித்தார். மழை பெருமழையாகப் பொழிந்தது. அவரும் பீடமும் நனையவில்லை என்பது வரலாறு. இதனை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள், ஆகவே விரிக்கவில்லை. அதன் பயனாக அவர் விடுதலை பெற்றார். மறைப்பணியாற்றும் உரிமையும் பெற்றார். பௌத்த மன்னர் ஒருவரின் பெருந்தன்மை கத்தோலிக்கருக்கு நிழலாயிற்று என்பதை நன்றியுடன் நினைக்கவேண்டும். கிடைத்த விடுதலையை அடிகளார் பாதுகாப்பாக வாழப் பயன்படுத்தவில்லை. கண்டியிலிருந்து இறங்கி, மீண்டும் மாறுவேடத்தில் ஒல்லாந்தரின் கோட்டையான கொழும்புக்குள்ளேயே நுழைந்து, அங்கே மறைந்திருந்த விசுவாசிகளைச் சந்தித்தார்.

ஒன்பது ஆண்டுகள் இந்நாடு முழுவதற்கும் அவர் ஒருவரே குரு. 1696இலும் 1697இலும் கோவா ஓரட்டோரியன் சபையிலிருந்து துணைக்குருக்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களுள் யோசேவ் கர்வாலோ அடிகள் அவருடைய உறவினர். கொச்சி ஆயர் யோசேவ் வாஸ் அடிகளாரை இலங்கைக்கான குருமுதல்வராகவும் நியமித்தார்.

1697இல் கண்டி நகரைப் பெரியம்மை தாக்கியது. மன்னர் நகரை விட்டு அகன்றார். வசதியுள்ளோர் ஓடினர். நோயாளிகளை உறவினரே காட்டிற் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள். இதற்காக அவர்களைக் கொடியவர் என்று கூறிவிட முடியாது. மருந்தற்ற அக்காலத்தில் ஒருவரைக் காப்பாற்றப் போனால் குடும்பமே அழியும் என்ற அச்சம் அவர்களை ஆட்டிப்படைத்தது. நமக்கும் 2020, 2021ஆம் ஆண்டுகளின் பெருந்தொற்றுக் காலம் மறந்துவிடவில்லை. அண்டை வீட்டார் இருமினால் நம் கதவுகளும் சாத்தப்பட்டன.

யோசேவ் வாஸ் அடிகளாரும் கர்வாலோ அடிகளும் நகரிலேயே தங்கினார்கள். வெறிச்சோடிய வீடுகளைப் பெற்று நோயாளர் விடுதிகளாக மாற்றினார்கள். காட்டிற் கிடந்தோரைத் தேடித் தூக்கி வந்தார்கள். கொப்புளம் வெடித்து நாறிய உடல்களைக் கழுவினார்கள். கஞ்சி காய்ச்சி ஊட்டினார்கள். இறந்தோருக்குத் தம் கைகளாலேயே குழி வெட்டி அடக்கம் செய்தார்கள். யாழ்ப்பாணத்துப் பெண் அன்று கொடுத்த கஞ்சியை அவர் இவ்வாறு பலருக்குத் திருப்பிக் கொடுத்தார் எனலாம். நோயாளியிடம் எந்த மதம் என்று அவர் கேட்கவில்லை. உடன் விசுவாசிகளைத் தேடி வந்தவரின் அன்பு அவர்களோடு நின்றுவிடவில்லை. இந்தக் குருவானவர் இல்லாதிருந்தால் நகரத் தெருக்கள் பிணங்களால் நிறைந்திருக்கும் என்று மன்னரே பின்னர் ஏற்றுக்கொண்டார் என அவருடைய வரலாறு கூறுகின்றது.

புகழ் பரவப் பரவ உயர்பதவிகள் தேடி வந்தன. திருத்தந்தையின் தூதுவராக இந்தியாவிற்கு வந்திருந்த தூர்னோன் ஆண்டகை, அடிகளாரின் பணியை அறிந்து அவரை இலங்கையின் அப்போஸ்தலிக்க பதிலாளாக உயர்த்த விரும்பினார். அடிகளார் பணிவுடன் மறுத்துவிட்டார். அவருடைய கவனமெல்லாம் வேறிடத்தில் இருந்தது. தாம் இறந்தபின் இம்மக்களின் கதி என்ன? மீண்டும் முப்பது ஆண்டுகள் குருவின்றிப் போனால்? இக்கவலையினாலேயே ஒவ்வோர் ஊரிலும் பொதுநிலையினரைப் பொறுப்பாளர்களாக ஏற்படுத்தினார். மூப்பர் சமூகத்தை ஒழுங்குபடுத்தினார். அண்ணாவியார் மறைக்கல்வி கற்பித்து, செபங்களை முன்னின்று நடத்தி, குரு வராத காலத்தில் குழந்தைகளுக்குத் திருமுழுக்களித்து, மரித்தோரை அடக்கம் செய்தார். நம் கிராமங்கள் பலவற்றில் மூப்பர் என்னும் பெயர் இன்னும் வழங்குகின்றது. ஆலயத்தில் அவர் கையிலேந்தும் பொறுப்பின் வேர் எங்கிருக்கின்றது என்பதை உங்கள் பிள்ளைகளுக்குக் கூறுங்கள்.

செபங்களையும் சிலுவைப்பாதையையும் தமிழிலும் சிங்களத்திலும் மக்கள் சொல்லும்படி செய்ததும் அவருடைய முயற்சியே. 1705இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளை அதற்கெனவே ஊக்குவித்தார். இரு மொழிகளிலும் மறைநூல்கள் பலவற்றை எழுதிய அந்த அறிஞர் 1742 வரை இந்நாட்டிலேயே உழைத்து, போலவத்தையில் உயிர்நீத்தார்.

1707இல் விமலதர்மசூரிய மன்னர் மறைந்து, அவருடைய மகன் நரேந்திரசிங்கன் அரியணை ஏறினார். புதிய மன்னரும் அடிகளாரை மதித்தார். ஆனால் இருபத்துநான்கு ஆண்டுகள் மலைகளிலும் காடுகளிலும் வெறுங்காலுடன் நடந்த உடல் தளர்ந்துவிட்டது. இறுதி நோயிற் கிடந்தபோது தம்மைச் சூழ்ந்து நின்ற உடன்குருக்கள் அறிவுரை வேண்டினர். வாழ்நாளிற் செய்யத் தவறியதை மரணவேளையிற் செய்வது கடினம் என்னும் பொருள்பட மட்டுமே கூறினார். 1711ஆம் ஆண்டு தை மாதம் 16ஆம் நாள் வெள்ளிக்கிழமை நள்ளிரவில், கையில் எரியும் மெழுகுதிரியுடன் கண்டி நகரில் இறைவனடி சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது 59. கோவாவை விட்டுப் புறப்பட்ட பின்னர் அவர் தம் பிறந்த ஊரை ஒருமுறையேனும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவருடைய வரலாற்றை அவருடைய சபைக் குருவான செபஸ்தியாவோ தோ ரேகோ எழுதினார். அந்நூல் 1745இல் லிஸ்பனில் அச்சேறியது. 1995 தை 21இல் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். அதே திடலில் 2015 தை 14இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அன்று பிற்பகலே திருத்தந்தை மருதமடு அன்னையின் திருத்தலத்திற்கும் சென்றார். போரினால் சிதறுண்ட நம் மக்கள் அங்கே அவருக்காகக் காத்து நின்றதை உங்களுட் பலர் நேரிற் கண்டிருப்பீர்கள்.

கண்டியில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்ட ஆலயம் 1740களில், கத்தோலிக்கருக்கு எதிராக மன்னரின் மனம் மாறிய வேளையில் இடிக்கப்பட்டது. கல்லறை இருந்த இடம் இன்றுவரை கண்டறியப்படவில்லை. எங்கோ ஒரு வீட்டின் கீழோ, தெருவொன்றின் கீழோ, அந்நகரின் மண்ணோடு மண்ணாக அவர் கலந்திருக்கின்றார். அவரைத் தேடிச் செல்ல விரும்புவோர் கண்டிக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. சில்லாலையில் அவர் நடந்த ஒழுங்கைகள் இன்னும் இருக்கின்றன.